ஆலன் கீ கேட்கும் 1911

1911 பிஸ்டலைச் சுத்தம் செய்யப் பிரிப்பதற்கு இரண்டு கை போதும். ஜான் பிரவுனிங் அப்படித்தான் அதை வடிவமைத்தார். சேற்றில் படுத்துக் கிடக்கும் சிப்பாயிடம் கருவிப் பெட்டி இருக்காது என்பது அவருக்கும் தெரியும், அவரிடம் துப்பாக்கி கேட்ட அமெரிக்க ராணுவத்துக்கும் தெரியும். சில மாதங்களாக என்னிடம் இருக்கும் 1911 மட்டும் ஆலன் கீ இல்லாமல் திறக்க மறுக்கிறது. மற்ற எல்லா விஷயத்திலும் நான் கையில் பிடித்தவற்றிலேயே சிறந்த பிஸ்டல் இதுதான் என்பதால் கோபம் இன்னும் அதிகமாகிறது.

இது 1970களில் வந்த கோல்ட் நிறுவனத்தின் கவர்ன்மென்ட் மாடல், சீரிஸ் 70. டெக்சாஸில் உரிமம் பெற்ற ஒரு கடையில், பின்னணிச் சோதனைக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்து, பழைய சரக்காக வாங்கினேன். .45 ஏசிபி தோட்டா, 5 அங்குலக் குழல், தோட்டா இல்லாமல் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை என்பதெல்லாம் நூறு வருடமாக எழுதப்பட்டுவிட்ட சங்கதிகள். எனக்கு முன் இதை வைத்திருந்தவர் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துத் தாராளமாகச் செலவு செய்திருக்கிறார் என்பதுதான் இங்கே முக்கியம்.

செலவு வீண் போகவில்லை. ட்ரிகரை அழுத்தினால் சிறிது தூரம் எதுவும் தெரியாமல் போகிறது, ஒரு சுவரில் முட்டுகிறது, சுவர் கண்ணாடி போல உடைகிறது. பிறகு ட்ரிகர் ஒரு மயிரிழை கூட நகர்வதில்லை. ட்ரிகர் நேர்க்கோட்டில் பின்னுக்குப் போவதுதான் 1911-இன் பெருமை. இன்று விற்கும் பிளாஸ்டிக் பிஸ்டல்களில் எத்தனை உதிரிபாகம் மாற்றினாலும் இந்த உணர்வு வருவதில்லை. பிடியின் முன்பக்கத்தில் எஃகிலேயே செதுக்கிய சிறு சதுரங்கள் வியர்த்த கையையும் விடாமல் பிடித்துக்கொள்கின்றன. பிடியின் பின்பக்கத்தில் இருக்கும் கிரிப் சேஃப்டி நீண்டு வளைந்து இருப்பதால், பின்னால் வரும் ஹேமர் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதையைக் கடிப்பதில்லை. பழைய ராணுவ மாடலில் கொஞ்சம் சதைப்பற்றான கை உள்ளவர்களுக்கு அந்தக் கடி நிச்சயம். 1920களில் ராணுவமே கிரிப் சேஃப்டியின் நுனியைச் சற்று நீட்டித்தான் 1911ஏ1 என்ற திருத்திய மாடலைக் கொண்டுவந்தது. வார இறுதியில் சுடும் களத்தில் இரண்டு மணி நேரம் நின்றால் மேசையை விட்டு நகர மனம் வராது.

வீட்டுக்கு வந்து சுத்தம் செய்ய உட்கார்ந்த பிறகுதான் தகராறு தொடங்குகிறது.

சாதாரண 1911-ஐ எப்படிப் பிரிப்பார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் என் ஆத்திரம் புரியாது. மேகசினைக் கழற்ற வேண்டும். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, சேம்பர் காலியா என்று கண்ணால் பார்க்க வேண்டும், சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். சுத்தம் செய்யும் அறையிலேயே தோட்டா எதுவும் இருக்கக் கூடாது. இதில் சலுகை கிடையாது, முப்பது வருடம் சுட்டவருக்கும் இதே விதிதான். பிறகு ஸ்லைடை முன்னுக்கு விட்டு, குழல் வாய்க்குக் கீழே வட்டமாகத் தெரியும் பிளக்கைக் கட்டை விரலால் உள்ளே அழுத்த வேண்டும். அதன் பின்னால் ரீகாயில் ஸ்பிரிங் இருக்கிறது. 5 அங்குல பிஸ்டலுக்கு வழக்கமான ஸ்பிரிங் 16 பவுண்டு, அதாவது ஏழு கிலோவுக்கு மேல் அழுத்தம். பிளக்கை அழுத்திப் பிடித்தபடியே, குழல் முனையைச் சுற்றியிருக்கும் புஷிங்கைக் கால் சுற்றுத் திருப்பினால் பிளக்குக்கு வழி திறக்கும். கட்டை விரலை மெல்ல மெல்லத் தளர்த்தி வெளியே விட வேண்டும். அவசரப்பட்டால் பிளக் கூரைக்குப் போகும். அதற்கும் பிரவுனிங் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பழைய ராணுவ பிளக்கில் ஒரு சிறு நாக்கை உள்பக்கமாகத் தட்டி வைத்திருப்பார்கள். அது ஸ்பிரிங்கின் கடைசிச் சுருளைப் பிடித்துக்கொள்ளும்.

ஸ்பிரிங்கின் அழுத்தம் போன பிறகு ஸ்லைடை மெல்லப் பின்னுக்குத் தள்ளினால், அதன் இடது பக்கத்தில் இருக்கும் அரைவட்ட வெட்டு, ஃப்ரேமின் குறுக்கே போகும் ஸ்லைடு ஸ்டாப்புக்கு நேராக வரும். வலது பக்கமாகத் தெரியும் அதன் முனையை விரலால் தள்ளினால் இடது பக்கம் வெளியே வந்துவிடும். ஸ்லைடு முன்பக்கமாக ஃப்ரேமிலிருந்து கழன்று வரும். ஸ்பிரிங்கைத் தாங்கும் குட்டையான கைடையும் ஸ்பிரிங்கையும் எடுத்து, புஷிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிக் கழற்றி, குழலுக்கு அடியில் தொங்கும் லிங்க்கை முன்னால் சாய்த்துக் குழலை உருவினால் வேலை முடிந்தது. ட்ரிகரைத் தொடவே வேண்டியதில்லை. கிளாக் பிஸ்டலைப் பிரிப்பது இதைவிடச் சுலபம் என்பார்கள், நேரக் கணக்கில் அது உண்மைதான். ஆனால் கிளாக்கைப் பிரிப்பதற்கு முன் ட்ரிகரை அழுத்தியாக வேண்டும். சேம்பரைப் பார்க்க மறந்தவருக்கு அந்த ஒரு அழுத்தல் போதும், விபத்துக்கு. 1911-இல் அந்தப் படியே இல்லாததை நான் பெரிய பாதுகாப்பாக நினைக்கிறேன்.

இன்னும் உள்ளே போகலாம். சியர் ஸ்பிரிங்கின் ஒரு தகடு மேகசின் கேட்ச்சின் பூட்டைத் திருப்பும் ஸ்க்ரூ டிரைவராகிறது. ஹேமரில் தொங்கும் ஸ்ட்ரட் பின்களைத் தள்ளும் ஊசியாகிறது. பிரித்தெடுத்த உதிரிபாகமே அடுத்த உதிரிபாகத்தைப் பிரிக்கும் கருவி. இவ்வளவு யோசித்துச் செய்யப்பட்ட இயந்திரத்தை அணு அணுவாகக் கழற்றும்போது, 1926-இல் பெல்ஜியத்தில் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே உயிர் விட்ட அந்த மனிதர் மீது எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

இப்போது என் பிஸ்டலுக்கு வருகிறேன். முன்பக்கத்தைப் பார்த்தால் பிளக் மூடிய வட்டமாக இல்லை. நடுவே ஒரு துளை. துளைக்குள் பளபளப்பான ஒரு எஃகுத் தண்டின் முனை. அதன் நடுவே ஆலன் கீ போகும் அறுகோணக் குழி. இதுதான் முழு நீளக் கைடு ராடு, அதுவும் இரண்டு துண்டாக மரையிட்டு இணைத்த வகை. குட்டைக் கைடுக்குப் பதிலாக, ஸ்பிரிங்கின் பின்முனையிலிருந்து ஸ்லைடின் முன்முனை வரை ஸ்பிரிங்குக்குள் ஓடும் நீளத் தண்டு. 5/32 அங்குல ஆலன் கீயை விட்டு முன்பாதியை மரை மரையாகக் கழற்றி உருவிய பிறகுதான் பிளக்கை ஒழுங்காக அழுத்தவே முடியும். வீட்டில் மெட்ரிக் செட் மட்டும் இருந்தால் 4 மில்லிமீட்டர் கீயைத்தான் எடுக்கத் தோன்றும். அது மயிரிழை பெரியது. சில குழிகளில் போகும், சிலவற்றில் போகாது. போகாததை அழுத்தி விட்டால் குழியின் மூலைகள் தேய்ந்து, பிறகு சரியான கீயும் வழுக்கும்.

எனக்கு வந்த தண்டின் மரையில் நீல நிறப் பசை காய்ந்து போயிருந்தது. காரணம் இருக்கிறது. இரண்டு துண்டுத் தண்டுக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. சுடச் சுட அதிர்வில் மரை தளர்ந்து, முன்பாதி பிளக்கின் துளையிலிருந்து மெல்ல எட்டிப் பார்க்கும். இலக்கைப் பார்க்க வேண்டியவர் நடுவில் துப்பாக்கியின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு மருந்தாக மரையில் பசை போடுகிறார்கள். பசை போட்டால் சுடும்போது கழலாது, சுத்தம் செய்யும்போதும் கழலாது. ஒவ்வொரு முறையும் துப்பாக்கியை மேசையில் அணைத்துப் பிடித்து, குழல் வாயிலிருந்து ஒரு விரல்கடை தூரத்தில் எஃகுக் கீயைப் பலம் கொண்ட மட்டும் முறுக்க வேண்டியிருக்கிறது. என் பிளக்கின் துளையைச் சுற்றி பிறை பிறையாக வெள்ளைக் கீறல்கள் இருக்கின்றன. முந்தைய உரிமையாளரும் இதே போரை நடத்தியிருக்கிறார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பூட்டினால் அடுத்த வாரமே தண்டு எட்டிப் பார்க்கிறது. பசை போட்டால் அடுத்த வாரமே மல்லுக்கட்டு. நடுவழி எதுவும் இதில் இல்லை.

இந்தத் தண்டை ஏன் போடுகிறார்கள்? ஸ்பிரிங் சுருங்கும்போது வளையாமல் நேராக இருக்கும் என்கிறார்கள். பிரவுனிங்கின் ஏற்பாட்டைக் கையில் வைத்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. ஸ்பிரிங்கின் முன்பாதியைக் குழாய் வடிவப் பிளக் வெளியிலிருந்து போர்த்தியிருக்கிறது. பின்பாதியைக் குட்டைக் கைடு உள்ளிருந்து தாங்குகிறது. ஸ்லைடு முழுதாகப் பின்னுக்கு வரும்போது கைடின் முனை பிளக்குக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. வளைய இடம் எங்கே? 1911 மார்ச்சில் ராணுவம் நடத்திய சோதனையில் ஒவ்வொரு பிஸ்டலிலும் 6,000 தோட்டாக்களைச் சுட்டார்கள். பிரவுனிங்கின் பிஸ்டல் ஒரு முறை கூடச் சிக்கி நிற்கவில்லை. போட்டியாக வந்த சாவேஜ் பிஸ்டல் 37 முறை சிக்கி நின்றது. ஜெயித்த பிஸ்டலில் நீளத் தண்டு இல்லை.

முன்பக்கம் கொஞ்சம் எடை கூடும், அதனால் துப்பாக்கி குறைவாக எகிறும் என்பது இரண்டாவது வாதம். கூடும் எடை இந்த ஒரு கிலோ எஃகில் கைக்குத் தெரியும் அளவுக்கு இல்லை. தண்டோடும் தண்டு இல்லாமலும் ஒரே தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்த்தேன். தாளில் விழுந்த துளைகளை வைத்து எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்லைடை இழுக்கும்போது ஸ்பிரிங் உரசும் சத்தம் மட்டும் தண்டோடு கொஞ்சம் குறைகிறது. அந்தச் சத்தத்துக்காக இவ்வளவு பாடா?

இழப்பு இன்னொன்றும் உண்டு. மூடிய பிளக் உள்ள பிஸ்டலை, ஒரு கை அடிபட்ட நிலையில், முன்முனையின் கீழ்ப்பகுதியை மேசை விளிம்பில் ஊன்றித் தள்ளி ஸ்லைடைப் பின்னுக்குக் கொண்டுவரலாம். தண்டு போட்டதில் அங்கே எஃகு முனை குறுக்கே நிற்கிறது. நான் சுடும் களத்தைத் தாண்டாதவன், எனக்கு அந்த வித்தை ஒருநாளும் தேவைப்படாமல் போகலாம். ஆனாலும் வடிவமைத்தவர் வைத்த வழியை அடைத்ததற்கு ஈடாக ஏதாவது கிடைத்திருக்க வேண்டும். இங்கே எதுவும் கிடைக்கவில்லை.

நீளத் தண்டே தப்பு என்று சொல்லவில்லை. புஷிங் இல்லாமல், முன்னால் தடித்திருக்கும் குழல் போட்ட போட்டிப் பிஸ்டல்களுக்கும் மிகக் குட்டையான குழல் உள்ளவற்றுக்கும் அது வேண்டும், அங்கே வடிவமைப்பே வேறு. 5 அங்குலமும் புஷிங்கும் உள்ள கவர்ன்மென்ட் மாடலில் அதற்கு வேலை இல்லை.

கைவினைஞர் செய்த மாற்றங்களை எல்லாம் எதிர்க்கும் பழமைவாதி என்று என்னை நினைத்துவிட வேண்டாம். இதே பிஸ்டலில் புஷிங்கையும் மாற்றியிருக்கிறார்கள். சீரிஸ் 70-இல் கோல்ட் போட்ட புஷிங் நுனியில் விரல் விரலாகப் பிளந்திருக்கும். குழலை எல்லாப் பக்கமும் கவ்விப் பிடித்தால் குறி துல்லியமாகும் என்பது யோசனை. அந்த விரல்களில் ஒன்று சில சமயம் முறிந்து துப்பாக்கியையே நிறுத்திவிடும் என்பதால் கோல்ட் பின்னாளில் அதைக் கைவிட்டது. என் பிஸ்டலில் அதை எடுத்துவிட்டு, ஒரே வார்ப்பான கெட்டிப் புஷிங்கை அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். கையால் திருப்ப முடியாது, புஷிங் ரெஞ்ச் வேண்டும். இதுவும் கருவிதான், ஆனால் இதை மனமார ஏற்றுக்கொள்கிறேன். குழல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து உட்கார வேண்டுமென்றால் முன்முனை இறுக்கமாக இருக்க வேண்டும். 25 கெஜத்தில் அந்த இறுக்கத்தின் பலன் தாளில் தெரிகிறது. அதேபோல ஸ்லைடின் பின்னால் இருக்கும் ஃபயரிங் பின் ஸ்டாப்பும் சற்றுப் பெரியதாகச் செய்து பொருத்தப்பட்டது. கழற்ற ஊசியாலும் சிறு சுத்தியாலும் தட்ட வேண்டும். எக்ஸ்ட்ராக்டர் தன் குழிக்குள் உருளாமல் இருக்க அந்த இறுக்கம் தேவை. காலி ரவை ஒழுங்காக வெளியே வருவது அதைப் பொறுத்தது. ஒரு மாற்றம் எனக்குக் கூடுதல் சிரமம் கொடுக்கலாம், பதிலுக்கு என்ன தருகிறது என்பதுதான் கேள்வி.

பதிலுக்கு எதுவும் தராத இன்னொன்றும் இதற்குள் இருந்தது. கைடின் தலையில் ஒரு நீல பிளாஸ்டிக் வளையம். ஸ்லைடு ஃப்ரேமில் மோதும் அதிர்ச்சியைத் தாங்குவதற்காம். சரியான ஸ்பிரிங் போட்டு, அதைச் சுமார் இரண்டாயிரம் தோட்டாவுக்கு ஒரு முறை மாற்றினாலே ஃப்ரேமுக்கு ஒன்றும் ஆகாது. இந்த வளையமோ நைந்து, துணுக்குகளாக உதிர்ந்து, எண்ணெயோடு கலந்து உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. நகரும் பாகங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் துணுக்கு கிடப்பது எந்தத் துப்பாக்கிக்கும் நல்லதல்ல. முதல் சுத்தத்திலேயே அதைக் குப்பையில் போட்டேன்.

சுத்தம் செய்வது எனக்குப் பிடித்த வேலை. ஹாப்பீஸ் நம்பர் 9 குப்பியைத் திறந்ததும் வாழைப்பழமும் மண்ணெண்ணெயும் சேர்ந்தது போல ஒரு வாசனை அறை முழுக்கப் பரவும். அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்கள் பலருக்கு அது அப்பா, தாத்தா நினைவு. எனக்கு அந்த நினைவு கிடையாது, ஆனாலும் வாசனை பிடித்துப் போய்விட்டது. பின்பக்கத்திலிருந்து வெண்கலத் தூரிகையைக் குழலுக்குள் விட்டு முன்பக்கம் வரை தள்ள வேண்டும், நடுவில் திரும்பக் கூடாது. பிறகு துணித் துண்டுகள். முதல் துண்டு கரிக்கட்டை, அடுத்தது சாம்பல் நிறம், அதற்கடுத்தது பச்சை கலந்த அழுக்கு. பச்சை செம்பின் நிறம், தோட்டாவின் மேலுறை விட்டுச் சென்றது. வெறும் ஈயத் தோட்டா சுட்டிருந்தால் வரிப்பள்ளங்களின் ஓரத்தில் வெள்ளி இழை போல ஈயம் ஒட்டியிருக்கும். அது எளிதில் போகாது, பொறுமையாகத் தேய்க்க வேண்டும்.

குழலைப் பலரும் பளபளப்பாக்கிவிடுவார்கள். பலர் விட்டுவிடுவது எக்ஸ்ட்ராக்டரை. 1911-இல் அது ஸ்பிரிங் எஃகில் செய்த ஒரே நீளத் துண்டு. தனி ஸ்பிரிங் கிடையாது, அதுவேதான் ஸ்பிரிங். முன்முனைக் கொக்கி ரவையின் விளிம்பைப் பிடித்து இழுக்கிறது. அதைக் கழற்ற, ஃபயரிங் பின்னை ஊசியால் உள்ளே அழுத்தி, ஸ்டாப்பைக் கீழே இறக்கி, பின் துள்ளி வெளியே வராமல் கட்டை விரலால் மூடிப் பிடிக்க வேண்டும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யாதீர்கள். பின் வெளியே வந்த பிறகு எக்ஸ்ட்ராக்டரை உருவிப் பார்த்தால், கொக்கியின் உள்மூலையில் கரியும் பித்தளைத் தூளும் எண்ணெயில் குழைந்து பசை போலக் கெட்டியாகியிருக்கும். ஒரு பல்குத்தும் குச்சி போதும், சுரண்டி எடுத்துவிடலாம். துப்பாக்கி அடிக்கடி சிக்கி நின்றால் பலர் ஸ்பிரிங்கை மாற்றுகிறார்கள், மேகசினை மாற்றுகிறார்கள், தோட்டா கம்பெனியைத் திட்டுகிறார்கள். குற்றவாளி பல சமயம் அந்த நகக்கண் அளவு அழுக்குதான்.

எண்ணெய் கொஞ்சம் போதும். ஸ்லைடு ஓடும் தண்டவாளங்கள், குழலின் மேல் இருக்கும் இரண்டு பூட்டு மேடுகள், புஷிங்கைத் தொடும் குழல் முனை, லிங்க், இவ்வளவுக்கும் ஒவ்வொரு சொட்டு. ஃபயரிங் பின் போகும் துளைக்குள் மட்டும் எண்ணெய் விடக் கூடாது, அது கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்த வேலையைச் சாப்பாட்டு மேசையில் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவு செய்து வேண்டாம். பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது, தோட்டாவில் ஈயம் இருக்கிறது, துடைத்த துணியில் இரண்டும் இருக்கிறது. தனி மேசை, திறந்த ஜன்னல், முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுதல், துணிகளைக் கட்டிக் குப்பையில் போடுதல். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

திரும்பப் பூட்டுவதில் ஒரு பழைய வில்லங்கம் உண்டு. ஸ்லைடு ஸ்டாப்பை இடது பக்கத்திலிருந்து நுழைத்து மேல்நோக்கித் திருப்பும்போது, அதன் பின்முனை அங்கே இருக்கும் சிறு பிளஞ்சரில் முட்டும். அவசரமாக வலிந்து தள்ளினால் ஃப்ரேமின் பக்கவாட்டில் வில் போல ஒரு கோடு விழும். பழைய 1911-கள் பல இந்தக் கோட்டோடுதான் கடைக்கு வருகின்றன. என்னுடையதிலும் நீலமேற்றிய எஃகில் ஒரு கோடு இருக்கிறது, அதுவும் முந்தையவர் கைங்கரியம். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை ஃப்ரேமின் மேல் வைத்துக்கொண்டு, வேறொரு மெல்லிய தகட்டால் பிளஞ்சரை உள்ளே தள்ளிவிட்டு, ஸ்டாப்பை நேராக அழுத்தினால் கோடு விழாது. இவ்வளவு பணம் வாங்கிய அந்த மெக்கானிக், ஸ்டாப்பின் பின்முனையில் ஒரு சிறு சரிவு தேய்த்துக் கொடுத்திருந்தால் பிளஞ்சர் தானாகவே வழிவிட்டிருக்கும். சில நிமிட அர வேலை. தினசரி உபயோகிப்பவரை நினைத்துச் செய்திருந்தால் நீளத் தண்டுக்குப் பதிலாக இதைச் செய்திருப்பார்.

கவர்ச்சியான மாற்றங்களைப் படத்தில் காட்டலாம், கடை மேசையில் காட்டலாம். பிஸ்டல் வாங்குபவர் அதைச் சுடும் நேரத்தைவிடத் துடைக்கும் நேரம் பல சமயம் அதிகம். அந்த நேரத்தில் அவர் கை படப்போகிற பாடு எந்தப் படத்திலும் வருவதில்லை. கோல்ட் மீது எனக்கு இருக்கும் அபிமானத்தை மறைக்கவில்லை. 2021-இல் செக் நாட்டுக் குழுமம் அதை வாங்கிய செய்தி வந்தபோது அதன் ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலைக் காலத்து மரபு என்ன ஆகுமோ என்று உண்மையாகவே கவலைப்பட்டேன். ஆனாலும் இந்த விஷயத்தில் அபிமானம் தேவையில்லை. யாருடைய 1911 ஆனாலும் பிளக்கில் துளை போட்டு ஆலன் கீ கேட்டால் அது பின்னடைவுதான்.

நான் செய்தது சுலபம். ராணுவ வகைக் குட்டைக் கைடும் மூடிய பிளக்கும் சேர்த்து முப்பது டாலருக்குள் முடிந்தது. ஸ்பிரிங்கையும் புதிதாகப் போட்டேன், அதன் நெருக்கமான சுருள் உள்ள முனை கைடின் பக்கம் வர வேண்டும். பிளக்கை அழுத்தினேன், ரெஞ்சால் புஷிங்கைத் திருப்பினேன், பிஸ்டல் திறந்தது. ட்ரிகர் அதே ட்ரிகர், குறி அதே குறி. சுடும்போது எந்த வித்தியாசமும் இல்லை. சுத்தம் செய்யும் நேரம் பாதியாகிவிட்டது, குழல் வாய்க்குப் பக்கத்தில் எஃகுக் கீயை முறுக்கும் வேலையும் போயிற்று.

மெருகேற்றிய பழைய 1911 வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, காலி என்று இருவருமே பார்த்த பிறகு, முன்பக்கத்தைக் கவனியுங்கள். பிளக் மூடியிருக்கிறதா, துளையா? துளையென்றால் உள்ளே ஆலன் குழி இருக்கிறதா? குழியின் மூலைகள் தேய்ந்திருக்கின்றனவா? சுற்றிலும் கீறல் இருக்கிறதா? புஷிங்கைத் திருப்ப ரெஞ்ச் கூடவே தருகிறாரா? எக்ஸ்ட்ராக்டர் தன் குழிக்குள் ஆடுகிறதா? என்னுடையதைப் போல ட்ரிகர் அமைந்திருந்தால் தயங்காமல் வாங்கலாம். விலை பேசும்போதே குட்டைக் கைடுக்கும் பிளக்குக்கும் ஆகும் முப்பது டாலரைக் குறைத்துக் கேளுங்கள்.